கண் மஞ்சளாகாத காமாலை

விளாத்திகுளத்திலிருந்து ஒரு சகோதரி

காமாலை என்றதும் எங்கள் கரிசல் சீமைப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். மழை பெய்து நாலு நாள் ஆனால் போதும், வரப்போரத்திலும் கொல்லையிலும் தானாக முளைத்துவிடும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் மூன்று நாள். கூடவே உப்பில்லாப் பத்தியம். "காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்துல மருந்தே கிடையாது தாயி" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் சகோதரிகளே, கண்ணே மஞ்சளாகாத காமாலை ஒன்று இருக்கிறது. பசி கெடாது. காய்ச்சல் அடிக்காது. ஆள் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார். ஆனால் ரத்தத்தில் கிருமி இருக்கும். உள்ளே ஈரலைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருந்தாலும் இருக்கும். 'ஹெபடைட்டிஸ் பி' என்பது அதன் பெயர். பிறந்ததிலிருந்து இந்தக் கிருமியோடுதான் நான் வாழ்கிறேன். வயது நாற்பது. தையல் மிஷின் மிதிக்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன், உளுந்து அறுவடை நாளில் காட்டு வேலைக்கும் போகிறேன்.

என் பெயரைப் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஊர் சின்னது. ரவிக்கைத் துணி கொண்டுவந்து கொடுக்கிற கைகள் தயங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான். ஆனால் விஷயத்தை மறைத்து வைக்க எனக்கு மனமில்லை. ஏன் என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

கேஸ் ஷீட்டில் சிவப்பு மை

2009-ஆம் வருஷம் எனக்கு முதல் பிரசவத்துக்கு மாதம் ஆறு. தலைப்பிரசவமாயிற்றே என்று வீட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சர்க்கரை, உப்பு, ரத்த வகை என்று வழக்கமான டெஸ்டுகளோடு இன்னொன்றும் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தது. அதுவரை "வாம்மா, உட்காரும்மா" என்று பேசிய நர்ஸம்மா சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில் வைத்தே, "இந்தக் கேஸை நாங்க பாக்குறதில்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என்ன வியாதி, எப்படி வந்தது, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒன்றுமே பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சோதனை! என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனாலும் பயந்துவிட்டார். அன்று ராத்திரியே எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். நாத்தனார்தான், "ஏம்மா, மதினி கையால ஆக்கிப் போட்டதத்தான ஒரு வருஷமா எல்லாரும் தின்னோம்? அப்ப ஒட்டாதது இப்ப வந்து ஒட்டிருமாக்கும்?" என்று கேட்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண் கேட்ட அந்தக் கேள்வியில் ஒரு டாக்டருக்குரிய நியாயம் இருந்தது.

அது எப்படிப் பரவும்? எப்படிப் பரவாது?

பெரியாஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு நல்ல டாக்டரம்மா வாய்த்தார். மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விளக்கினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

காமாலைக் கிருமியில் பல ஜாதி உண்டு. 'ஏ'யும் 'ஈ'யும் கெட்டுப்போன தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு மூலம் வருபவை. மஞ்சளாக்கும், படுக்கப் போடும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் 'ஈ' வகை ஆபத்தானது. 'பி'யும் 'சி'யும் ரத்தத்தின் வழியாக வருபவை. 'பி' பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், உடலுறவால் வரும், சுத்தம் செய்யாத ஊசியால் வரும், பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றினால் வரும். சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி, பிறர் பல் துலக்கிய பிரஷ் இவற்றில் ஒட்டியிருக்கும் ரத்தத்தாலும் வரலாம். உடம்புக்கு வெளியே காய்ந்துபோன ரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே செம்பில் தண்ணீர் குடித்தால் வராது. தொட்டால், கட்டிப் பிடித்தால், இருமினால், தும்மினால் வராது. கொசு கடித்து வராது. சமைத்துப் போட்டால் வராது.

"அப்ப தட்டு எதுக்கும்மா தனியா?" என்று டாக்டரம்மா கேட்டார். மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் தம்ளர் மற்ற தம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து நான் அழுததை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனையில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கிருமி இல்லை என்று வந்தது. அவருக்கு ஒரு மாதம், ஆறு மாதம் என்ற இடைவெளியில் மூன்று தடுப்பூசி போட்டார்கள். அது முடிந்து எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று தெரியும் வரை ஆணுறை உபயோகிக்கச் சொன்னார்கள். இதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அம்மா சொன்ன ஒரு சொல்

"உங்க அம்மா, கூடப்பிறந்தவங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். எடுத்தோம். அம்மாவுக்கும் இருந்தது. அண்ணனுக்கும் இருந்தது.

அண்ணனுக்கு அது முதல் தடவை இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. 2005-ல் வளைகுடா நாட்டு வேலைக்கு மெடிக்கல் பார்க்கப் போய், 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். விசாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த நாடுகள் இந்தக் கிருமியையும் சோதிக்கச் சொல்கின்றன. எதனால் அன்ஃபிட் என்று அவனுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த பழைய தாளை எடுத்து என் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் அதே எழுத்துக்கள்.

அம்மா மூலையில் உட்கார்ந்து, "நாந்தான ரெண்டு பிள்ளைகளுக்கும் குடுத்தேன்... பாலோட சேத்து நஞ்சையும் குடுத்துட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

சகோதரிகளே, இந்த வார்த்தைக்குத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். அம்மா பாலில் நஞ்சு இல்லை. கிருமி பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்திலிருந்து போகிறது. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அண்ணன் பிறந்தது 1981-ல். அமெரிக்காவில் இதற்கான முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்ததே அந்த வருஷம்தான்! எங்கள் ஊருக்கு எங்கே வரும்? இல்லாத மருந்தைக் கொடுக்கவில்லை என்று எந்தத் தாயையும் குற்றம் சொல்ல முடியுமா?

பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் கதை தலைகீழ். நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேருக்குக் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அது அந்நியன் என்று அடையாளம் தெரிவதில்லை. வீட்டு ஆள் என்று நினைத்து இடம் கொடுத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் ரத்தத்தில் இருந்தால் 'நாள்பட்ட தொற்று' என்பார்கள். அப்படி உலகத்தில் 25 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாகவும், நம் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேர் என்றும் 2022-ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. சந்தையில் நம்மோடு நிற்பவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், எல்லோரும் அதில் உண்டு. நாம் தனி ஆள் இல்லை!

ஐஸ் டப்பாவில் வந்த மருந்து

என் மகள் 2010-ல் பிறந்தாள். பிறந்த 12 மணி நேரத்துக்குள் தொடையில் ஒரு பக்கம் தடுப்பூசியும் மறுபக்கம் 'இம்யூனோகுளோபுலின்' என்ற ஊசியும் போட வேண்டும். தடுப்பூசி குழந்தையின் உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டிக் கொடுப்பது. இன்னொன்று, உடம்பு பழகும்வரை காவலுக்கு நிற்கும் தயார்ச் சிப்பாய். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று. என் கம்மலை அடகு வைத்து, எங்கள் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து அதை ஐஸ் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிரசவம் வரை ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் பாதுகாத்துக் கொடுத்தார்கள்.

ஒரு வயது முடிந்து ரத்தம் சோதித்தோம். கிருமி இல்லை, எதிர்ப்பு சக்தி இருக்கிறது! அந்தத் தாளை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாய்ப்பால் கொடுத்துத்தான் வளர்த்தேன். ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலால் ஆபத்து கூடுவதில்லை.

2013-ல் மகன் பிறந்தபோது பாடு பாதியாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் 'பென்டாவேலன்ட்' ஊசி வந்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி-யும் அதில் அடக்கம். பிறந்தவுடன் ஒரு ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், எல்லாம் இலவசம். ஒரு காலத்தில் இந்தத் தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்த, பணக்காரர் வீட்டுச் சாமான். 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது.

இதன் பலன் என்ன என்று கேட்பீர்கள். தைவான் நாட்டில் 1984-லேயே குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். பத்தே வருஷத்தில் அங்கே குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிட்டது. புற்றுநோய்க்கும் தடுப்பூசி உண்டு என்று உலகத்துக்குக் காட்டியது இதுதான்!

கீழாநெல்லி குணப்படுத்துமா?

என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பக்கத்து ஊரில் கண்ணில் சாறு விடுகிறார்கள், கையில் சூடு போடுகிறார்கள் என்று ஆளாளுக்கு யோசனை. இந்த வைத்தியங்களுக்கு எப்படிப் பேர் வந்தது என்று யோசியுங்கள். 'ஏ', 'ஈ' காமாலை சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அதற்குத்தான்!

ஆனால் கீழாநெல்லியை விஞ்ஞானிகள் சும்மா ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் தியாகராஜன், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க் ஆகியோர் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1988-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. கிருமி தங்கிய 37 பேருக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே நம் வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு எந்த ஈரல் டாக்டரும் இதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. நம் ஊர்ச் செடியாயிற்றே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைக்கு ஈரலைப் பணயம் வைக்க முடியுமா?

அண்ணன்

அண்ணன் டெஸ்டுக்கு வந்தது அந்த ஒரே தடவைதான். "எனக்கு என்ன கேடு? மூடை தூக்குறேன், கெணத்துல நீந்துறேன்" என்பான். வருஷத்துக்கு ஒரு தடவை சாறு குடித்துவிட்டு, அதுவே போதும் என்று இருந்தான். சாயங்காலம் குடிப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. கிருமி இருக்கிற ஈரலுக்குச் சாராயம் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. 2018 கடைசியில் வயிறு ஊதிக்கொண்டு வந்தது. ஸ்கேனில் ஈரல் சுருங்கி, அதில் கட்டி. 2019 ஆவணியில் போய்விட்டான். வயது 38.

வலி வந்த பிறகு டாக்டரிடம் போகலாம் என்பது மற்ற நோய்க்குச் சரியாக இருக்கலாம். ஈரல் வாய் திறந்து பேசாத உறுப்பு. அது கத்தும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் டெஸ்ட், கிருமியின் அளவு பார்க்கும் டி.என்.ஏ. டெஸ்ட், வயிற்று ஸ்கேன். முதல் ஏழு வருஷம், "மாத்திரை தேவையில்லை, கவனித்தால் போதும்" என்றார்கள். கிருமி இருக்கிற எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. 2016-ல் அளவு கூடியது. அன்றிலிருந்து 'டெனோஃபோவிர்' மாத்திரை தினம் ஒன்று. இது கிருமியை அடியோடு அழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. அதனால் ஈரல் சுருங்குவதும் புற்றுநோயும் வரும் அபாயம் குறைகிறது. மத்திய அரசு 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடங்கிக் கிடந்தது சீறிக்கொண்டு எழும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எனக்குத் தையல்தான் தொழில். ஊசி குத்தாத நாள் உண்டா? குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். துணியில் ரத்தம் பட்டால் அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இடத்தைத் துடைப்பேன். என் ஊசியை இன்னொருவர் தொட விடுவதில்லை. வீட்டில் எனக்கென்று தனியாக இருப்பது மூன்றே பொருள்: பல் பிரஷ், நகவெட்டி, பிளேடு. மாதவிலக்கு நாப்கினைத் தாளில் சுற்றிப் பத்திரமாக அப்புறப்படுத்துகிறேன். மற்றபடி ஒரே தட்டு, ஒரே பாய், ஒரே குடும்பம்!

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. மஞ்சள் சேர்க்கலாம், எண்ணெய் அளவாகச் சேர்க்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் பேர் போன சீமை இது. ஈரம் காயாமல் கட்டிவைத்த நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் இவற்றில் பூஞ்சை பிடித்தால் 'அஃப்ளடாக்சின்' என்ற விஷம் உண்டாகும். ஏற்கெனவே இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு அந்த விஷமும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. "கசக்குற கடலைய வீணாக்காத" என்று வாயில் போடாதீர்கள், துப்பிவிடுங்கள். நன்றாகக் காய வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நல்ல கடலையும் நல்ல கடலைமிட்டாயும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஊசி போடச் சொன்னால், பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். 2009-ல் குஜராத்தின் மோடாசா பகுதியில் ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கும் போட்டதால் இந்தக் கிருமி பரவி எத்தனையோ பேர் உயிரிழந்தார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பல் டாக்டரிடமும் ஆபரேஷனுக்கு முன்னும் உங்களுக்குக் கிருமி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வேறு நோய்க்கு ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்; அந்த மருந்துகள் தூங்குகிற கிருமியை எழுப்பிவிடும். ரத்ததானம் மட்டும் நமக்கு வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளே, முதல் மாதங்களிலேயே இந்த டெஸ்டை எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். இருந்தால் மனம் உடைய வேண்டாம். கிருமி அதிகமுள்ள தாய்க்குக் கடைசி மூன்று மாதம் மாத்திரை கொடுத்து, குழந்தைக்கு நேரத்தில் ஊசி போட்டால் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிடலாம். இதற்காக ஆபரேஷன் பிரசவம் தேவையில்லை. ஆனால் வீட்டுப் பிரசவம் கூடவே கூடாது. அந்த முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அண்ணன் மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். அவளுக்கு டெஸ்ட் எடுத்தாயிற்று, கிருமி இல்லை, தடுப்பூசியும் போட்டாயிற்று. "குடும்பத்துல இருக்குன்னு வெளிய சொல்லாத" என்று சிலர் என்னிடம் கிசுகிசுக்கிறார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஜாதகம் பார்க்கிற கையோடு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த ஒரு ரத்த டெஸ்டையும் பார்த்துவிட்டால் என்ன? ஒருவருக்கு இருந்தால் மற்றவர் மூன்று ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக வாழலாம். கல்யாணம் நிற்க வேண்டிய காரணமே இதில் இல்லை. எங்கள் வீட்டுக்காரரும் நானும் பதினேழு வருஷமாக வாழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி என்று தெரிந்தால், தட்டைப் பிரிக்காதீர்கள். தடுப்பூசி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். குடிக்கிறவராக இருந்தால் கெஞ்சியோ மிஞ்சியோ நிறுத்துங்கள். பெற்ற தாயை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் தெரிந்து கொடுத்ததில்லை. தெரிந்துகொண்ட நாம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் இருந்தால், அதுவே அவர்களுக்குச் செய்கிற பெரிய மரியாதை.